‘மேனேஜர் இப்போ இல்ல’: பெரிய கடையில் சேவை சரியில்லை என்றால் என்ன செய்யலாம்?

சனிக்கிழமை சாயங்காலம். கடைத்தொகுதியில் நல்ல கூட்டம்.

பாட்டியின் கையில் ஒரு பை. பைக்குள் ரைஸ் குக்கர். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்று சோறாக்கப் போனபோது விளக்கே எரியவில்லை. துணைக்கு நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

முதல் முகப்பில் “இங்க இல்ல, மேல் மாடிக்குப் போங்க” என்கிறார்கள். மேல் மாடியில் 20 நிமிட வரிசை. உங்கள் முறை வரும்போது அடுத்த கேள்வி: “பெட்டி எங்கே?” பெட்டியை அப்போதே தூக்கிப் போட்டாயிற்று. “பெட்டி இல்லாம மாத்த முடியாது. வாரன்ட்டி இருக்குல்ல, சர்வீஸ் சென்டருக்குப் போங்க.” சர்வீஸ் சென்டர் தீவின் மறுகோடியில் இருக்கிறது. சனி, ஞாயிறு திறப்பதில்லை.

“மேனேஜரிடம் பேசலாமா?”

“மேனேஜர் இப்போ இல்ல.”

அதற்குள் பாட்டி உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். “விடுய்யா, போனாப் போவுது. வேற வாங்கிக்கலாம்.”

இது ஓர் உதாரணம்தான். ஆனால் இதில் ஏதாவது ஒரு பகுதி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். கடையில் ஆங்கிலத்தில் பேசி விளக்க, வீட்டில் இளையவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் இந்த விவரங்கள் முதலில் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய கடைகளில் ஏன் இப்படி?

தேக்கா ஈரச்சந்தையில் நேற்று வாங்கிய கத்திரிக்காய் சொத்தை என்று வையுங்கள். இன்று போய்ச் சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? “அப்படியா தம்பி? இந்தா, வேற எடுத்துக்கோ” என்பார். இல்லாவிட்டால், “நேத்து நீதானே பொறுக்கி எடுத்தே?” என்று சண்டைக்கு வருவார். எதுவானாலும் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். காரணம், முடிவெடுப்பவர் உங்கள் எதிரிலேயே நிற்கிறார். கல்லாவும் அவருடையது, நட்டமும் அவருடையது.

பல கிளைகள் கொண்ட பெரிய கடையில் நிலைமை வேறு. முகப்பில் நிற்பவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இருக்காது. விதிகளை எழுதுவது தலைமையகம். கணினியில் அந்தப் பொத்தானை அழுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ‘சிஸ்டத்துல வரல’ என்று அவர் சொல்வது பல நேரம் சாக்கு அல்ல, உண்மை.

மின்சாதனக் கடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்களிடம் சிரித்துப் பேசிப் பொருளை விற்றவர் அந்தக் கடையின் ஊழியராகவே இல்லாமல் இருக்கலாம். குறிப்பிட்ட பிராண்டு அனுப்பிவைத்த விற்பனையாளராக இருக்கலாம். விற்கும்போது இருப்பார். பொருள் பழுதானால் அது அவருடைய வேலை அல்ல.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. சேவைத் துறை நிறுவனங்களின் மொத்த ஊழியரணியில் வெளிநாட்டு ஊழியர்கள் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 40 விழுக்காடாக இருந்த அது 2020இல் 38க்கும் 2021இல் 35க்கும் குறைக்கப்பட்டது. உள்ளூர்வாசிகளோ நீண்ட நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலைக்கு, அதுவும் வார இறுதியில், எளிதில் வருவதில்லை. 2022 செப்டம்பரில் சில்லறை விற்பனைத் துறைக்கும் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது. முழுநேரக் காசாளருக்கும் கடை உதவியாளருக்கும் குறைந்தபட்சம் 1,850 வெள்ளி என்று தொடங்கி, 2024 செப்டம்பரில் அது 2,175 வெள்ளியானது. சம்பளம் கூடியது நல்லதுதான். ஆனால் கடைகள் தானியக்கக் கட்டண இயந்திரங்களை நாடுவதும் கூடியது. இயந்திரத்தில் காசு கட்டலாம். குக்கர் எரியவில்லை என்று அதனிடம் சொல்ல முடியாது.

மரியாதை வேறு, உரிமை வேறு

‘சர்வீஸ் மோசம்’ என்று நாம் சொல்லும்போது இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம்.

ஒன்று, மரியாதை. முகம் கொடுத்துப் பேசவில்லை, காக்க வைத்தார்கள், கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இன்னொன்று, உரிமை. பொருள் பழுது, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று, காட்டிய விலைக்கு மேல் வாங்கினார்கள்.

இரண்டாவதற்குச் சட்டம் இருக்கிறது. முதலாவதற்கு இல்லை. காசாளர் சிடுசிடுத்தார் என்று நடுவர் மன்றத்துக்குப் போய் இழப்பீடு கேட்க முடியாது.

கடையில் கோபம் வரும்போது நம் மனத்தில் நிற்பது பெரும்பாலும் முதலாவதுதான். “அவர் பேசின விதம் இருக்கே...” என்று ஆரம்பிப்போம். அங்கேயே பேச்சு திசைமாறிவிடும். கடையும் “மன்னிக்கவும்” என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளும். குக்கர் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் இரண்டையும் பிரித்து வையுங்கள். முதலில் பொருள். பிறகு பேசிய விதம்.

மரியாதைக் குறைவு பற்றிய கவலை சிங்கப்பூருக்குப் புதிதல்ல. பிறரிடம் மரியாதையாக நடந்துகொள்வதை ஊக்குவிக்க 1979இல் தேசிய அளவில் ஓர் இயக்கமே தொடங்கப்பட்டது. ‘சிங்கா’ சிங்கத்தை உங்கள் அப்பா அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். 2005இல் சேவைத் துறைக்கென்றே ‘ஜெம்ஸ்’ இயக்கம் வந்தது. 2007இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் வாடிக்கையாளர் மனநிறைவுக் குறியீட்டைத் தொடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் புகார்கள் ஓயவில்லை. சுவரொட்டி ஒட்டிப் பண்பை வளர்க்கலாம். முகப்பில் நிற்பவருக்கு அதனால் முடிவெடுக்கும் அதிகாரம் வந்துவிடாது.

தெம்பனிஸில் நடந்தது

சட்டம் இல்லை என்பதற்காக மரியாதை சின்ன விஷயம் ஆகிவிடாது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி, ரமலான் மாதம். ‘அவர் தெம்பனிஸ் ஹப்’பில் உள்ள ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் நோன்பு துறக்க இலவசமாகச் சிற்றுண்டியும் பானமும் வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளோடு வந்த ஒரு முஸ்லிம் தம்பதி அங்கிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அப்போது ஓர் ஊழியர், அது இந்தியர்களுக்கு இல்லை என்று சொல்லி அவர்களைத் தடுத்தார்.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலைக் கடந்து போகும் எவருக்கும் இந்திய முஸ்லிம்கள் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊழியருக்கு அது தெரியவில்லை.

அந்தக் குடும்பம் தங்கள் அனுபவத்தை ஃபேஸ்புக்கில் எழுதியது. விஷயம் பரவியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஊழியருக்கு அறிவுரை கூறப்பட்டதாகத் தெரிவித்தது. அப்போதைய அதிபர் ஹலிமா யாக்கோப்பும் வருத்தம் தெரிவித்தார்.

அந்தத் திட்டத்தின் நோக்கம் நல்லது. அதை உருவாக்கியது நிறுவனம். ஆனால் வாடிக்கையாளர் சந்தித்தது நிறுவனத்தை அல்ல, மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரை. பெரிய நிறுவனங்களின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. மேலே எழுதுவது ஒன்று, கீழே வந்து சேர்வது ஒன்று. நடந்ததைத் தெளிவாக எழுதி மேலே தெரியப்படுத்தும்போதுதான் அது திருத்தப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது பாட்டியின் குக்கருக்கு வருவோம்.

சிங்கப்பூரில் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2004 மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. அதில் 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகளும் சேர்ந்தன. எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாங்கிய பிறகு பழுது என்று தெரியவரும் பொருளை அமெரிக்காவில் ‘லெமன்’ என்பார்கள். அந்தப் பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

நினைவில் வைக்க வேண்டியவை இவை:

• பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடை. நீங்கள் அல்ல. 6 மாதத்துக்குப் பிறகு நிரூபிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்துவிடும்.

• முதலில் கடை பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமம் இல்லாமல், கடையின் செலவில்.

• அது முடியாமல் போனால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். அல்லது பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதாவது முதல் நாளே “காசைத் திருப்பிக் கொடு” என்று அடம்பிடிக்க சட்டம் இடம் கொடுக்கவில்லை.

• பொறுப்பு விற்ற கடைக்கு. தயாரித்த நிறுவனத்தின் வாரன்ட்டி என்பது கூடுதல் வசதி. ‘சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்று சொல்லிக் கடை விலகிக்கொள்ள முடியாது.

• பெட்டி வேண்டும் என்று லெமன் சட்டம் நிபந்தனை போடவில்லை. ஆனால் அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ரசீது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு அறிக்கை, கடன்பற்று அட்டை விவரம் போன்றவை உதவும்.

• ‘விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்’ என்று எழுதி மாட்டியிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது.

மறுபக்கமும் இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் மலிவு, அம்மா திட்டினார் போன்ற காரணங்களுக்கு லெமன் சட்டம் உதவாது. மனம் மாறினால் மாற்றித் தருவது கடையின் விருப்பம். நீங்களே கீழே போட்டு உடைத்ததற்கும், குறை இருப்பதைச் சொல்லியே மலிவாக விற்றதற்கும் உரிமை கோர முடியாது.

விலையிலும் கவனம் தேவை. பொருள், சேவை வரி 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. கடையில் காட்டும் விலையில் அது சேர்ந்தே இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் வசூலிக்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. கட்டும்போது “இதுக்கு மேல ஜிஎஸ்டி” என்று கடைக்காரர் சொன்னால் கேள்வி கேட்கலாம். அதேநேரம் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குவது சட்டப்படிதான். 2023 ஜூலையிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. அதற்காகக் காசாளரைத் திட்டிப் பயனில்லை.

சிம் லிம் சம்பவம் மாற்றியது என்ன?

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு நவம்பரில், அங்கே ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வியட்னாமியச் சுற்றுப்பயணி ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டு மண்டியிட்டு அழுதார். காணொளி உலகம் முழுவதும் பரவியது. அதே கடை, நடுவர் மன்றம் திருப்பித் தரச் சொன்ன பணத்தை இன்னொரு வாடிக்கையாளருக்குச் சில்லறைக் காசுகளாகக் கொடுத்திருந்தது. கடை உரிமையாளருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அது பெரிய கடை அல்ல. அங்கே நடந்தது சேவைக் குறையும் அல்ல, மோசடி. ஆனால் அதன் பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, நியாயமற்ற முறையில் நடந்துகொள்ளும் கடைகளை விசாரித்து நீதிமன்றத் தடையுத்தரவு கோரும் அதிகாரம் ஓர் அரசாங்க அமைப்புக்கு வழங்கப்பட்டது. 2018 ஏப்ரலிலிருந்து அந்தப் பொறுப்பு சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் இருக்கிறது. கடை சிறியதோ பெரியதோ, சட்டம் ஒன்றுதான்.

சரி, இப்போ என்ன பண்றது?

1. முகப்பில் ஒரே ஒரு கேள்வி. “இதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? அவரிடம் எப்போது பேசலாம்?” மேனேஜர் இல்லை என்றால் அவர் வரும் நேரத்தைக் கேளுங்கள். நீங்கள் வந்த தேதி, நேரம், பேசிய ஊழியரின் பெயரட்டையில் உள்ள பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஆதாரம் சேருங்கள். பொருளின் படம், பழுது தெரியும் காணொளி, ரசீதின் படம். ரசீது மங்கும் தாளில் இருக்கும். வாங்கிய அன்றே படம் எடுத்துவைப்பது நல்ல பழக்கம்.

3. தலைமையகத்துக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். என்று வாங்கினோம், என்ன பழுது, கடையில் என்ன சொன்னார்கள், எங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளில் பதில் வேண்டும். ஐந்தே வரி போதும். ‘லெமன் சட்டத்தின்கீழ் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கிறோம்’ என்று ஒரு வரி இருந்தால், மின்னஞ்சலைப் படிப்பவருக்கு இது வெறும் புலம்பல் அல்ல என்று புரியும்.

4. பதில் இல்லையா? சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 1971இல் தொடங்கப்பட்ட சங்கம். ஆலோசனை சொல்லும், உங்கள் சார்பில் கடையிடம் பேசவும் செய்யும், சமரசத்துக்கும் ஏற்பாடு செய்யும். ஆனால் கடைக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

5. கடைசியில் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்போகாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. இணையத்திலேயே மனு செய்யலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இரு தரப்புக்குமே அனுமதி இல்லை. பெரிய நிறுவனம் என்றாலும் தன் ஊழியர் ஒருவரைத்தான் அனுப்ப வேண்டும்.

80 வெள்ளி குக்கருக்கு நடுவர் மன்றமா என்று தோன்றலாம். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். வழி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று கடைக்குத் தெரிந்தாலே பல நேரம் போதும்.

கத்த வேண்டாம்

முகப்பில் நிற்பவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். விதியை எழுதியது அவர் இல்லை. நமக்கு முன்னால் வந்தவர் கத்திவிட்டுப் போயிருப்பார். இழிவாகப் பேசுவதும் மிரட்டுவதும் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றமாகவும் ஆகலாம். அனுமதி இல்லாமல் அவர் முகத்தைப் படமெடுத்துப் போட்டால், நாளைக்கு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஊர் அவர் பக்கம் போய்விடும்.

சில கடைகளில், தமிழ் பேசும் காசாளரே முதலாளியின் விதிக்கும் நம் பாட்டியின் கோபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். அவரிடம் “அக்கா, உங்க தப்பு இல்ல. யாருகிட்ட பேசணும்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். உதவும் மனசு அவருக்கும் இருக்கும்.

‘விடுய்யா’ என்பதன் விலை

பெரிய கடையில் குறை சொல்ல நேரம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், மின்னஞ்சல் வேண்டும், கொஞ்சம் தைரியமும் வேண்டும். இதெல்லாம் இருப்பவருக்குத்தான் அங்கே பதில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விடுப்பில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, ஊருக்கு அனுப்ப ஒரு கைத்தொலைபேசி வாங்கும் வெளிநாட்டு ஊழியருக்கு இதில் எது இருக்கிறது? அவருக்கும் இதே சட்டம்தான். லெமன் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு வரை அவரால் கடைக்குத் திரும்பி வர முடியாது. வந்தால் “மேனேஜர் இப்போ இல்ல.”

சட்டம் எல்லாருக்கும் ஒன்று. அதைப் பயன்படுத்தும் வசதி ஒன்றாக இல்லை. அந்த இடைவெளியில் உங்களைப் போன்ற இருமொழி தெரிந்த இளையர் ஒருவரால் நிறையச் செய்ய முடியும். ஐந்து வரி மின்னஞ்சல் எழுத உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். பாட்டிக்கோ, பக்கத்து வீட்டு மாமாவுக்கோ, தேக்காவில் வழி கேட்ட அண்ணனுக்கோ அது தாண்ட முடியாத மதில்.

அடுத்த முறை பாட்டி “விடுய்யா” என்று சட்டையை இழுத்தால், “ஒரு நிமிஷம் இருங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு ரசீதை எடுங்கள்.